பட்டியலில் எழுதாத பெயர்

எனக்குக் காசநோய் என்று உறுதியான மூன்றாம் நாள், சுகாதார நிலையத்திலிருந்து சுகாசினி என்ற பெண் படிவத்தோடு வந்தாள். வாசலிலேயே நிறுத்திப் பேசினேன்.

"வீட்ல யார் யார் இருக்காங்க ஐயா? எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கணும். வராம தடுக்கிற மாத்திரையும் இருக்குது."

"நானும் என் சம்சாரமும்தான்."

"பொண்ணு?"

"ஓரிக்கையில அத்தை வீட்ல இருக்குறா."

"தறியில கூட யாரு உக்கார்றாங்க? கோர்வைக் கரைக்கு ரெண்டு பேர் வேணுமே. நானும் இந்த ஊருதான்."

"இப்ப கோர்வை நெய்யறதில்லம்மா."

சொன்னது எல்லாம் பொய். என் பெண் அகிலா அப்போது உள்ளேதான் இருந்தாள். கோர்வைச் சேலையில் கரையைத் தனியாக நெய்து உடலோடு கோர்க்க வேண்டும்; அதற்கு நூல் ஓட்டத் தனி நாடா. அதை எறிய இன்னொருவர் தோளோடு தோளாக உட்கார வேண்டும். நான்கு வருடமாக என் வலப்பக்கம் உட்கார்ந்தவள் அவள்தான். ஆனால் அந்த வாரம்தான் திருப்புட்குழி வேல்முருகன் குடும்பம் தங்கள் பையனுக்கு அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தது. கோயிலில் மரியாதை பெறும் குடும்பம் எங்களுடையது. இந்த வியாதியின் பெயரோடு என் பெண்ணின் பெயரை ஒரே தாளில் எழுத நான் விடவில்லை.

இரண்டாம் மாதம் கல்யாணம் நடந்தது.

மாத்திரை தொடங்கிய ஆறாம் மாதம் சுகாசினி, "சளியில கிருமி இல்ல ஐயா" என்றாள். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. மூன்று வாரமாக அகிலா போனில் பேசும்போதெல்லாம் இருமிக்கொண்டிருந்தாள். சுகாசினியை முதல்முறையாக உள்ளே அழைத்து உட்காரவைத்து, உள்ளதைச் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா மாத்திரையோட போயிருக்கும்," என்று மட்டும் சொன்னாள். திருப்புட்குழி நர்சுக்கு அங்கேயே போன் செய்தாள். நர்ஸ் மறுநாள் போனாராம். அகிலாவின் மாமியார் விவரம் கேட்காமலே வாசலோடு அனுப்பிவிட்டாராம்.

"நாங்க இழுத்துக்கினு வர முடியாது ஐயா. நீங்க போய்ப் பேசுங்க," என்று சளி எடுக்கும் டப்பா ஒன்றைக் கொடுத்தாள்.

போனேன்.

"வாங்க சம்பந்தி, சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க. பொண்ணு நெனப்பு வந்துடுச்சா?" என்று வேல்முருகன் சிரித்தார்.

உட்காராமலே சொன்னேன். "எனக்கு டி.பி. வந்து இப்பதான் சரியாச்சு. அகிலா என் பக்கத்துல உக்காந்து தறி நெய்ஞ்சவ. அவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போகணும்."

அறுபத்தேழு வயதில் இன்னொருவர் கூடத்தில் தலைகுனிந்து நின்றேன். வேல்முருகனின் சிரிப்பு நின்றது.

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமா?"

நான் வாய் திறப்பதற்குள் அகிலா சமையலறையிலிருந்து வந்தாள்.

"மாமா, நைனாவுக்கு வந்தது நிமோனியா. வயசாச்சு, மாத்தி மாத்திச் சொல்றாரு. நான் தறிப்பக்கமே போனதில்ல. எனக்கு இது தூசி இருமல்தான்."

வேல்முருகன் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "உக்காருங்க சம்பந்தி. மொதல்ல காபி குடிங்க."

நான் சொன்னது உண்மைதான் என்று இன்னும் இரண்டு முறை சொன்னேன். குழந்தையைச் சமாதானப்படுத்துவதுபோல் இரண்டு முறையும் தலையாட்டினார்.

வழியனுப்ப அகிலா தெருமுனை வரை வந்தாள்.

"ஏன்மா இப்படிப் பண்ண?"

"உங்கள இங்க யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது நைனா."

டப்பாவை நீட்டினேன்.

"அத்தை பாத்துடுவாங்க," என்று என் பையிலேயே திருப்பிப் போட்டாள்.

பேருந்து கிளம்பும்வரை அங்கேயே நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்தி, எனக்கு முதுகைக் காட்டி இருமினாள். பிறகு திரும்பிச் சிரித்தாள்.