பதினெட்டு நிமிடச் சேறு

“நம்பரைச் சொல்லுடா, சீக்கிரம்! இன்னும் முப்பது செகண்டுதான் இருக்கு.”

பஸ் இரைச்சலையும் மீறித் தம்பி போனில் கத்தினான். “நாலு, ஏழு... அப்பா எப்படி இருக்காருன்னு சொல்லாம நம்பர் நம்பர்னா என்னக்கா அர்த்தம்?”

“மூச்சு வாங்குது. மீதியைச் சொல்லு.”

அவன் சொல்லி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து. படம் பார்க்கும் தளத்துக்குச் சந்தா கட்டியவன் அவன். உள்ளே நுழைவதற்கான எண் அவன் போனுக்குத்தான் வரும். சாண் ஏறினால் முழம் சறுக்குகிற கதையாக மூன்று முறை மல்லுக்கட்டி, நான்காவது முறைதான் டிவியில் படத்தின் பெயர் விழுந்தது. அவள் திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். அப்பா கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்.

நாற்பது வருடம் சரக்கு லாரி ஓட்டிய மனிதர். சினிமாப் பைத்தியம் என்றெல்லாம் சொல்ல முடியாது. இந்த ஒரு படத்தின் மேல் மட்டும் அப்படி ஒரு பிடிப்பு. பழைய காலத்துப் போர்க் கதை. முற்றுகையில் மாட்டிய மலைக்கோட்டைக்கு நாற்பது மாட்டுவண்டிகள் தானியம் கொண்டுபோகின்றன, அவ்வளவுதான். ராஜா இரண்டே இடத்தில் தலையைக் காட்டுவார். மாட்டைப் பார்க்க டிக்கெட் எதற்கு, தெருவில் நின்றால் போதாதா என்று ஊரே கேலி பேசியது. ஒரே வாரத்தில் தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டார்கள். அந்த ஒரு வாரத்தில் அப்பா நான்கு முறை பார்த்தார். அதற்கப்புறம் வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம், “நல்ல படம், ஒருத்தனும் கண்டுக்கல” என்று, சொந்தப் பிள்ளைக்கு வேலை கிடைக்காததுபோல் ஆற்றாமைப்படுவார்.

அவள் அதை ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ‘நேரா பாருங்க, அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க, விடுங்க, அடுத்த ஆள்’ என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரிதான் நிற்பாள். போன வாரம் அப்பா கேட்டார்: “அந்தப் படத்தைப் போடேன். நீயும் உக்காரு.”

“ஞாயித்துக்கிழமை லீவுப்பா. அன்னிக்குப் போடலாம்.”

சனிக்கிழமை அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. இன்று ஞாயிறு. காலையில் வந்த டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டு, “சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க” என்றார். அப்பா கேட்டது ஒரே ஒரு படம். அதையாவது காட்டி அனுப்ப வேண்டும்.

படம் இரண்டே முக்கால் மணி நேரம். மழையில் வண்டிகள் போயின. போயின, போய்க்கொண்டே இருந்தன. ஒரு மணி நேரம் கழித்து ஒரு வண்டியின் சக்கரம் சேற்றில் இறங்கியது. வண்டிக்காரர் கீழே இறங்கிப் பார்த்தார். மாட்டைத் தடவிக் கொடுத்தார். மறுபடியும் சக்கரத்தைப் பார்த்தார். வசனமும் இல்லை, பாட்டும் இல்லை.

அவள் படத்தையா பார்த்தாள்? அப்பாவின் நெஞ்சைப் பார்த்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போனது. இந்த வண்டிக்காரர் ஆற அமர மாட்டைத் தடவி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்போல இருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போர்ப் படம் என்றால் போரைத்தானே பார்க்க வேண்டும்? போனில் விரலை வைத்துப் படத்தை முன்னால் தள்ளினாள். கடைசி அரை மணி நேரம் வந்தது. யானை, ஈட்டி, நெருப்பு. சத்தத்தைக் கூட்டினாள்.

“அப்பா, சண்டை வந்துடுச்சு, பாருங்க!”

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கழுத்தில் தெம்பில்லை என்று நினைத்தாள். இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்து டிவியைப் பார்க்க நேராக வைத்தாள். “நேரா பாருங்கப்பா.” வாசலில் எட்டிப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, “இந்த நேரத்துல சண்டைப் படமாம்மா?” என்றாள். “அவர்தான் கேட்டாருக்கா” என்று இவள் எரிந்து விழுந்தாள். அதற்குள் அப்பாவின் தலை மறுபடியும் சுவர்ப் பக்கம் போயிருந்தது. கன்னத்துக்கு அடியில் ஒரு தலையணையை மடித்துச் சொருகினாள். ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு அப்படித்தான் செய்வாள். தலை அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

கோட்டைக் கதவு உடைந்து விழுந்தபோது அப்பா ஒரு மூச்சை விட்டார். அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள். டிவியில் யாரோ ஜெயித்துக் கொண்டாடினார்கள்.

மதியத்துக்குள் நாற்காலிகள் வந்தன, ஆட்கள் வந்தார்கள், தம்பி வந்து அழுது ஓய்ந்தான். மூன்று மணிக்கு மயானத்துக்கு வண்டி என்று முடிவானது. அப்பாவோடு இருபது வருடம் லாரியில் போன கிளீனர் கடைசியாக வந்து சேர்ந்தார். இப்போது அவருக்கும் தலை நரைத்துவிட்டது. ‘கிளீனர்’ என்ற பழைய பெயர் மட்டும் போகவில்லை. கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“கடைசியா என்ன பாப்பா பேசினாரு?”

“பேசல மாமா. ஆனா அவர் கேட்ட படத்தைக் காட்டிட்டேன்.” அந்த ஒரு திருப்திதான் அவளிடம் இருந்தது. “நேரம் இல்ல, சண்டையையாவது பாக்கட்டும்னு அதைப் போட்டேன்.”

கிளீனர் நிமிர்ந்தார். “சண்டையையா?” தன்னையறியாமல் சிரித்துவிட்டார். “நாலு தடவையும் நான்தானே கூடப் போனேன். சண்டை ஆரம்பிச்சதும் எழுந்துடுவாரு பாப்பா. ‘சரக்குப் போய்ச் சேந்துடுச்சுல்ல, இனிமே அவனுங்க பாடு, வாடா டீ குடிக்கலாம்’னுவாரு. அந்தச் சண்டையை அவர் ஒரு தடவைகூடப் பாத்ததில்ல. அவருக்கு அந்தச் சேறுதான். பதினெட்டு நிமிஷம். கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டாரு.”

அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். அப்புறம், “நான் தலையைத் திருப்பித் திருப்பி வெச்சேன், மாமா” என்றாள். கிளீனரின் சிரிப்பு நின்றுவிட்டது. அவளுக்குத் தன்னையே நாலு அறை அறைய வேண்டும்போல இருந்தது. அழுகைகூட ஆத்திரமாகத்தான் வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். டிவி மறுபடியும் ஒளிர்ந்தது. மழை, வண்டி, சேறு.

“அக்கா, பைத்தியமா உனக்கு? வெளியில வண்டி வந்து நிக்குது!” என்றான் தம்பி.

“பதினெட்டு நிமிஷம் நிக்கட்டும்.”

“நாலு பேர் என்ன பேசுவாங்க?”

“பேசட்டும். நீ வேணும்னா உக்காரு.”

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இந்த முறை படத்தைப் பார்த்தாள். வண்டிக்காரர் மாட்டை அடிக்கவே இல்லை. ஒரு மூட்டையை இறக்கி, தோளில் சுமந்து மேட்டில் வைத்தார். திரும்பி வந்து இன்னொன்று. முன்னால் போன வண்டிகள் மழையில் மறைந்துவிட்டன, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பத்தாவது மூட்டையில் வழுக்கி விழுந்தவர் சேற்றோடு எழுந்து, முதலில் மூட்டை கிழிந்ததா என்று தடவிப் பார்த்தார். நல்ல படம்தான். இவ்வளவு நல்ல படமா என்று கேட்கத் திரும்பினாள்; கட்டிலில் அப்பா வெள்ளைத் துணிக்குள் இருந்தார்.

வாசலில் ஹாரன் அடித்தது. இரண்டாவது தடவையும் அடித்தது. பிறகு வண்டி ஓட்டுநரே சாவியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். “எடுத்துடலாமாங்க? எனக்கு இன்னொரு இடமும்...” என்றவர் டிவியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சக்கரம் பாதி எழும்பி, மறுபடியும் இறங்கியது.

“பின்சக்கரத்துக்குக் கல்லு வெக்கணும்” என்றார் அவர், யாரையும் பார்க்காமல். “இல்லன்னா இறங்கிட்டேதான் இருக்கும்.”

“வெப்பான், வெப்பான்” என்றார் கிளீனர்.

ஓட்டுநர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சுவரோரம் கிடந்த நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.