லேமினேட் செய்த உயில்

உயிலை லேமினேட் செய்தது நான்தான். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. அம்மா போன அடுத்த வாரமே கல்லூரி அலுவலகத்துக்கு அதை எடுத்துப்போய், மாணவர்களின் அடையாள அட்டைகளுக்கு நடுவே மெஷினில் விட்டு எடுத்தேன். பதினாறு வருடமாக அந்த மெஷினோடு மாரடிக்கிறேன். வீட்டில் கைக்கு அகப்பட்ட சான்றிதழ், ரசீது, டாக்டர் சீட்டு எதையும் நான் விட்டுவைத்ததில்லை. "இவ பக்கத்துல ரொம்ப நேரம் அசையாம உக்காராதீங்க, உங்களையும் உள்ள விட்டுருவா" என்று அண்ணன் கிண்டல் செய்வான். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

நீதிமன்றத்தில் உயில் பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. கிளார்க் உயிலைக் கையில் வாங்கியவர் மேசையில் வைக்கவில்லை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"உயில்."

"அது தெரியுது. மேல என்ன?"

"பாதுகாப்பா இருக்கட்டும்னு..."

அவர் முத்திரையை மையில் ஒற்றி பிளாஸ்டிக் உறையின் மூலையில் ஒரு குத்து குத்தினார். கட்டை விரலால் தேய்த்தார். நீல மை மொத்தமும் விரலோடு வந்துவிட்டது. "பாத்தீங்களா? எங்க முத்திரை இதுல நிக்காது. ஜட்ஜய்யா கையெழுத்தும் நிக்காது. தாளத் தொட்டுப் பாக்கணும்னா முடியாது. பிரிச்சீங்கன்னா உங்கம்மா கையெழுத்து பிளாஸ்டிக்கோட வந்துரும்."

எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வலது கால், இடது கால் என்று மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தேன்.

"சாட்சிக் கையெழுத்து போட்டவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

இரண்டு பேர். முதல் ஆள் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர். போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. இரண்டாவது பெயரின் மேல் நான் விரலை வைத்திருந்தேன். கிளார்க் அந்த விரலையே பார்த்தார். எடுத்தேன்.

"இவரு?"

"இருக்காரு."

"யாரும் எதிர்க்கலேன்னா அவரு எழுதிக் குடுத்தாலே போதும். உங்க கேஸ்ல ஆட்சேபணை வேற வந்திருக்கு. அவரு நேர்ல கூண்டுல ஏறி, என் கண்ணு முன்னாடி கையெழுத்துப் போட்டாங்கன்னு சொல்லணும். வரலேன்னா உயிலே இல்லாத கணக்குதான். வீடு மூணு பங்கு."

ஆட்சேபணை போட்டது அண்ணன். அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். வீட்டை விற்றுப் பிரித்துவிடலாம், அக்காவைத் தன்னோடு வைத்துக்கொள்கிறேன் என்கிறான். மனதாரத்தான் சொல்கிறான். ஆனால் அக்காவுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. எதிரே நிற்பது கதவா ஆளா என்று தெரியாது. அந்த வீட்டில் மட்டும்தான் அவளுக்குக் கண் தேவையில்லை. பதினொரு வருடம் அம்மாவைத் தூக்கி எடுத்துப் பார்த்துக்கொண்டவள் அங்கே தானே சமைக்கிறாள், துவைக்கிறாள், மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டு வருகிறாள். அண்ணன் வீட்டுக்குப் போனால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். அம்மா இதையெல்லாம் யோசித்துத்தான் வீட்டை அவள் பேருக்கு எழுதியிருந்தாள். அண்ணனுக்கு அப்பாவின் கடை ஏற்கெனவே போயிருந்தது. எனக்கு ஒன்றுமில்லை. உயிலில் என் பெயர் ஒரே ஒரு இடத்தில்தான் வரும், இதை நிறைவேற்ற வேண்டியவள் என்று. எனக்கு எதுவும் வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ராத்திரி படுத்தால் மட்டும், அம்மாவுக்கு நான் ஞாபகத்திலேயே இல்லையா என்று நெஞ்சு கரிக்கும்.

இரண்டாம் சாட்சி என் கணவர். அதாவது, அப்போது கணவர். உயில் எழுதி ஒன்பது வருடம், நாங்கள் பிரிந்து ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. எந்தக் கட்டடம் என்று விசாரித்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். சொல்ல வேண்டியதை வரிசையாக மனதில் அடுக்கினேன். நீங்கள் செய்த அநியாயத்துக்கு இதையாவது செய்யுங்கள் என்று தொடங்குவதாக ஏற்பாடு.

கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. அவர் பள்ளத்துக்குள் நின்றிருந்தார். தலை மட்டும் தரைமட்டத்தில் தெரிந்தது. முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அம்மா உயிலுக்கு நீங்க சாட்சி சொல்ல வரணும்" என்றேன். அடுக்கி வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

"அத்தை போனது தெரியும். வரலாமா வேணாமான்னு தெரியல" என்றார். பிறகு, "தேதி என்ன?"

சொன்னேன். அவ்வளவுதான். திட்டுவதற்கு அவர் இடமே கொடுக்கவில்லை. வெளியே வந்து தெருமுனை வரை வேகமாக நடந்தேன். வருவாரா மாட்டாரா என்று கேட்காமல் வந்துவிட்டது அங்கேதான் உறைத்தது. திரும்பிப் போய்க் கேட்க வீம்பு விடவில்லை.

அடுத்த பன்னிரண்டு நாள் நான் நானாக இல்லை. அடையாள அட்டைகளைத் தலைகீழாக உறையில் போட்டேன். "அவரு வருவாருடி" என்று அக்கா போனில் சொன்னபோது, "உனக்கு ரொம்பத் தெரியும்" என்று அவள் மேலேயே எரிந்து விழுந்தேன்.

விசாரணை நாளில் எட்டரைக்கே போய்விட்டோம். அக்காவை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் தாழ்வாரத்தை அளந்தேன். அண்ணன் தன் வக்கீலோடு எதிர்ப்பக்கம் நின்றான். எங்கள் வழக்கைக் கூப்பிடும்போதுகூட அவரைக் காணவில்லை. சாட்சி எங்கே என்று நீதிபதி கேட்டபோது, எங்களுக்குப் பின்னால் இருந்து "வந்துட்டேங்கய்யா" என்று குரல் கேட்டது. இஸ்திரி போட்ட சட்டையில் படியேறி வந்த மூச்சிரைப்போடு நின்றிருந்தார்.

உறைக்குள் இருந்த கையெழுத்தைக் காட்டினார்கள். தன்னுடையது என்றார். அத்தை தன் முன்னால்தான் போட்டார்கள், படித்துக்காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் போட்டார்கள் என்றார்.

அண்ணனின் வக்கீல் எழுந்தார். "ரெண்டாவது மகளுக்கு ஒரு செங்கல்கூட இல்ல. சொத்துல பேரே இல்ல. சுயநினைவோட இருக்கிற எந்தத் தாயாவது அப்படி எழுதுவாங்களா?"

எனக்குத் தலை தானாகக் குனிந்தது. இத்தனை நாள் நான் எனக்குள்ளே கேட்ட கேள்வியை அந்த ஆள் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு ஊரறியக் கேட்டார்.

கூண்டில் நின்றிருந்தவர் அதன் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்க அப்படிச் சொல்லல. மாடிய சின்னவளுக்குத்தான் எழுதச் சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன். பெரியவங்களுக்கு முழுசா இருக்கட்டும், பின்னாடி யாரும் அவங்கள எழுப்ப முடியாதுன்னேன்."

"சரி, சின்னவங்களுக்கு?"

"அதத்தான் அத்தையும் கேட்டாங்க. மூணு தடவ கேட்டாங்க." அவர் என்னைப் பார்க்கவில்லை. "அவளுக்கு நான் இருக்கேன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டாங்க."

வக்கீல் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்தான். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அக்காவின் வீடு அந்த நிமிடத்தில் தப்பியது எனக்குத் தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டியவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன். பன்னிரண்டு நாளும் என்ன சொல்வாரோ என்று துடித்தேனே, இதை மட்டும் நான் நினைக்கவே இல்லை. அம்மா என்னை மறக்கவில்லை. மூன்று தடவை கேட்டிருக்கிறாள்.

சாட்சி சொன்னதைத் தட்டச்சு செய்தவர் நடைமுறைப்படி அதை உரக்கப் படித்துக் காட்டினார். காய்கறிப் பட்டியல் வாசிப்பதுபோலத்தான் வாசித்தார். "இளைய மகளுக்கு நான் இருக்கிறேன் என்று இறந்தவரிடம் கூறினேன். அதை நம்பி அவர் கையொப்பமிட்டார். சரியா?"

"சரிங்க."

"மாத்தணும்னா இப்பவே சொல்லிடுங்க. கையெழுத்துப் போட்டா மாத்த முடியாது."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டு சற்று நேரம் அந்தத் தாளையே பார்த்தார். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டார். அக்கா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "போட்டுட்டாரா?" என்று கேட்டாள்.