பொட்டு வைத்த ஃபோன்

பிஸ்கட் பெட்டி அட்டையை என் வீட்டுக்காரரின் ஃபோன் அளவுக்கு வெட்டி, அதன்மேல் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஹாஜரா அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் ஈஸ்வரி, நெத்தியில எடம் இல்லையா?" என்று கேட்டார். "செப்டம்பர்ல ஃபோனோட மூஞ்சி மாறப் போவுதுக்கா. அதான் ஜூலையிலேயே பொட்டு வைக்கிறேன்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தபடி துணி காயப்போடப் போய்விட்டார்.

சிரிக்கட்டும். எனக்கு இது ஒரு பைத்தியம்தான், ஒத்துக்கொள்கிறேன். பினாங்கில் எந்த மந்திரி மாறப் போகிறார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஃபோனில் எந்த ஐகான் மாறப் போகிறது என்று கேட்டால் சொல்லுவேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் கம்பெனிக்காரன் அடுத்த பதிப்பைக் காட்டுவதற்கு முன்பே வதந்தி வீடியோக்கள் வந்துவிடும். பட்டன் எல்லாம் கண்ணாடி மாதிரி ஆகப் போகிறதாம், தேடல் பெட்டி மேலேயிருந்து கீழே வரப் போகிறதாம், கம்ப்யூட்டரும் ஃபோனும் அக்கா தங்கச்சி போல ஒரே சாயலாகப் போகிறதாம். பொங்கலுக்குத் துணி எடுக்கக்கூட நான் இவ்வளவு ஆசையாகக் காத்திருந்தது கிடையாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் ஷஹீதா, "கம்பெனிக்காரனே உன்னைத்தான் கேட்டுட்டு செய்யணும் லா" என்று கிண்டல் செய்வாள்.

ஆனால் நான்கு வருடங்களாக அந்த ஆசைக்குள் ஒரு பயமும் சேர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் தயாளன் லாரி ஓட்டியவர். கண்ணில் அழுத்தம் ஏறி, கவனிக்காமல் விட்டு, இரண்டு கண்ணும் போய்விட்டன. இப்போது கெலுகோரில் ஒரு சமையல் கடைக்கு வீட்டிலிருந்தே ஃபோனில் ஆர்டர் எடுக்கிறார். விரல் பட்டதை ஃபோன் வாய்விட்டுப் படிக்கும். அவர் வைத்திருக்கும் வேகத்துக்கு அது எனக்கு வெறும் கிறீச் கிறீச்சென்றுதான் கேட்கும். சத்தமான இடத்தில் அந்தக் குரலும் உதவாது. பஸ்ஸிலும் சந்தையிலும் அவர் விரல் வைக்கும் இடத்தை நம்பித்தான் இருக்கிறார். கண் உள்ளவர்களுக்குப் பட்டன் இடம் மாறினால் ஒரு நாள் எரிச்சல், அவ்வளவுதான். இவருக்கோ வீட்டுக்குள் யாரோ சுவரை நகர்த்தி வைத்த மாதிரி.

இந்த வருடம் அதற்குமேல் ஒன்று வந்து சேர்ந்தது. புரட்டாசி முதல் சனிக்கிழமை நிபோங் திபாலில் இருக்கும் அவருடைய அக்கா நல்லம்மாள் வீட்டில் படையல். கண் போனபிறகு நான்கு வருடமும் நான்தான் லீவு போட்டுக் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். இந்தத் தடவை எனக்கு அன்றைக்கு வேலை. நான் லீவு கேட்கப் போகிறேன் என்றதும், "வேணாம். நான் தனியா போறேன்" என்றார்.

"பஸ், ஃபெர்ரி, அப்புறம் ரயிலு. வெளையாடுறீங்களா?"

"லாரியில ஜொகூர் வரைக்கும் போனவன்டி நானு."

"அப்போ கண்ணு இருந்துச்சு." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை.

"இப்போ ஃபோன் இருக்குல்ல" என்றார்.

அந்த ஃபோன்தான் அதே செப்டம்பரில் மாறப் போகிறது! புது பதிப்பை ஏற்றாமல் தள்ளிப்போடலாமே என்றேன். "எத்தனை நாளைக்கு ஈஸ்வரி? ஊரே புது ரோட்டுல போவும், நான் மட்டும் பழைய ரோட்டுலயே நிக்கணுமா?" என்று கேட்டார். லாரிக்காரரிடம் ரோட்டைப் பற்றி வாதாட முடியுமா? அதனால்தான் பீட்டாவை, அதாவது வெளியீட்டுக்கு முந்திய சோதனைப் பதிப்பை, என் ஃபோனில் ஏற்றிப் பார்த்துப் பார்த்துப் பொட்டு ஒட்டினேன். அழைப்பு வந்தால் எடுக்கும் பட்டனும் வைக்கும் பட்டனும் பழைய பதிப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பீட்டாவில் ஒன்றன்மேல் ஒன்றாக நடுவில் வந்துவிட்டன. எடுப்பதற்குப் பெரிய பச்சைப் பொட்டு, வைப்பதற்குச் சின்னச் சிவப்பு. நிறம் அவருக்கு எதற்கு என்று கேட்காதீர்கள், கை சும்மா இருக்கவில்லை. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அட்டையைக் கையில் கொடுத்து, "எடுங்க, வைங்க, தேடுங்க" என்று வாத்தியாரம்மா போல அதட்டுவேன். அவரும் நல்ல பிள்ளையாகத் தடவித் தடவிப் படித்தார்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை புது பதிப்பு வெளியானது. அவருடைய ஃபோனில் அவரே ஏற்றிக்கொண்டார். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்கும் அந்த வாரம் தலைக்குமேல் வேலை. என் ஃபோனில் பீட்டாதான் இருந்தது, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை அவர் வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, கோலைத் தட்டிக்கொண்டு பஸ் ஏறினார். நான் பஸ் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேலைக்கு ஓடினேன். எட்டே முக்காலுக்கு "ஃபெர்ரியில ஒக்காந்துட்டேன்" என்று குரல் செய்தி வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, லாக்கர் அறையில் நின்ற ஆட்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினேன்.

பத்து மணிக்குத் தேநீர் இடைவேளை. கேன்டீனில் எதிரில் உட்கார்ந்திருந்த ஷஹீதாவின் ஃபோன் மணி அடித்தது. அவளும் புது பதிப்பு ஏற்றியிருந்தாள். திரையைப் பார்த்ததும் கடித்த வடையைத் தட்டிலேயே போட்டுவிட்டேன். எடுக்கும் பட்டனும் வைக்கும் பட்டனும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பழையபடி!

"இது எப்போ மாத்துனான்?" என்று கத்தினேன்.

"மாத்தலையே. எப்பவும் இப்படித்தான" என்றாள் அவள், ஒன்றும் புரியாமல்.

ஆட்களுக்குப் பிடிக்கவில்லை என்று கடைசி நேரத்தில் கம்பெனிக்காரன் பின்வாங்கிவிட்டான். பீட்டா என்றால் அப்படித்தான், எத்தனை வருடமாகப் பார்க்கிறேன், இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும், கல்யாணப் பேச்சு நடக்கும்போதே பந்தக்கால் நட்டவள் நான். இரண்டு மாதம் அதட்டி அதட்டி அந்த மனிதரின் விரலில் தப்பை ஏற்றியிருக்கிறேன். இப்போது கூட்டமான ரயிலில், குரல் காதில் விழாத சத்தத்தில், என் பொட்டை நம்பித் தடவிக்கொண்டிருப்பார். உடனே அவருக்கு ஃபோன் அடித்தேன். இரண்டு முறை மணி அடித்தது, அறுந்துவிட்டது. மறுபடி அடித்தேன். ஒரே மணியில் அறுந்துவிட்டது.

"ஐயோ, எடுக்கிறதுக்குப் பதிலா வச்சிடுறாரு. நான்தான் அப்படிப் பழக்கினேன்" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. மேற்பார்வையாளரிடம் போய் நிற்கலாமா, நல்லம்மாள் அண்ணிக்கு அடிக்கலாமா என்று எழுந்தேன். ஷஹீதா என் கையைப் பிடித்து உட்கார வைத்து, தண்ணீரை என் பக்கம் தள்ளினாள். ஐந்து நிமிடம் கழித்து என் ஃபோன் அடித்தது. அவர்தான்.

"என்னாடி, சும்மா சும்மா அடிச்சுத் தொந்தரவு, ஒரே கச்சோ!" பின்னால் ரயில் சத்தம். "ஸ்டேஷன் பேரு சொல்றப்பதான் கரெக்டா அடிக்கிற. புக்கிட் மெர்தாஜாம்னு சொன்னானா, சிம்பாங் அம்பாட்டுன்னு சொன்னானான்னு கேக்க வேணாமா? அதான் கட் பண்ணேன்."

"ரெண்டு தடவையும் வேணும்னே கட் பண்ணீங்களா?"

"பின்ன? வைக்கிற பட்டன் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"என் அட்டை தப்புங்க. பட்டன் பழைய எடத்துக்கே போயிருச்சு."

"திங்கக்கெழமையே தெரியும்" என்றார், சாவகாசமாக. "ராத்திரியே தடவிப் பாத்துட்டேன். உன் பொட்டுல மூணு சரி, ரெண்டு தப்பு. ஒன்கிட்ட சொன்னா போவ விடுவியா நீ? மறுபடி அட்டை வெட்ட ஆரம்பிச்சிடுவ."

எனக்குச் சிரிப்பு வந்தது, ரோஷமும் வந்தது. நான்கு வருடமாக நான் பிடித்துக்கொண்டிருந்த கை, எனக்குத் தெரியாமல் நான்கு நாளாகத் தனியாகவே நடந்திருக்கிறது. திட்ட வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எறங்கும்போது யாரையாவது கையைப் பிடிக்கச் சொல்லுங்க, படி ஒசரமா இருக்கும், அக்காகிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"இரு, இரு." அந்தப் பக்கம் ஒரு மணியோசை. ரயிலின் அறிவிப்புக் குரல் மலாய் மொழியில் எதையோ சொல்ல, நடுவில் நிபோங் திபால் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கோல் தரையில் தட்டும் சத்தம் இரண்டு முறை கேட்டது.

"பார்த்து எறங்குங்க" என்றேன். அதற்குள் அவர் ஃபோனை வைத்துவிட்டிருந்தார்.