நாலாவது மாடிப் பெண்

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்கால் நெஞ்சைத் தொட, லிஃப்ட் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். சபையில் வேறு அறை காலியில்லை. பாவத்தை ஒப்புவிக்கிறவனுக்கு இந்த உயரமே போதும் என்பது மேனேஜர் ஐயாவின் அபிப்பிராயம். சனிக்கிழமை காலைகளில் அங்கே நாலு பேர் கூடுவார்கள். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற மேனேஜர் ஐயாதான் தலைவர். ஒரு பள்ளிக்கூடத்துப் பி.டி. மாஸ்டர், ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட், கடைசியாக இவர். கணக்குக் குழு என்று பெயர். ஆத்துமக் கணக்கு, வேறொன்றுமில்லை. இந்த வாரம் கண்ணால் எங்கே சறுக்கினாய், நாவால் எங்கே, கையால் எங்கே என்று ஒவ்வொருவரையும் மேனேஜர் ஐயா கேட்பார். எல்லாம் சொல்லி முடித்ததும் கடைசியாக ஒரு கேள்வி உண்டு: "இப்ப சொன்னதுல ஏதாவது பொய் இருக்கா?"

மேனேஜர் ஐயாவுக்கு வாராவாரம் ஜெப நேரம் குறைந்துவிடும். ஏஜெண்டுக்கு சிக்னலில் கோபம் வந்துவிடும். இரண்டும் துவைத்து இஸ்திரி போட்ட பாவங்கள். உடுத்திக்கொண்டு நாலு பேர் நடுவில் தாராளமாகப் போகலாம். பி.டி. மாஸ்டர் மட்டும் ஒரு சனிக்கிழமை, பழைய கோபத்தில் தம்பி கல்யாணத்துக்கே போகாமல் இருந்ததைச் சொல்லி, விசில் ஊதிப் பழகிய அந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார். மூன்று பேரும் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். மெக்கானிக் கூடப்பிறப்பு இல்லாதவர். மற்றவர்களின் முதுகுக்குப் பின்னால் கை நீட்டி நின்றபோது, தானும் ஒரு நாள் இந்தக் கைகளுக்கு நடுவில் நிற்கவேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. பொறாமை என்றே சொல்லலாம். அதையாவது அவர் அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அவர் முறை வரும்போது சொல்ல ஒன்றுமிருக்காது. காலையில் போய், இருட்டுக் குழிக்குள் இறங்கி, கிரீஸ் தடவி, கம்பி பார்த்து, வீட்டுக்கு வருகிற மனுஷன். வீட்டில் மனைவி, மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், சட்டையை மோந்து பார்த்து, "இன்னிக்கு எத்தனை மாடி, கல்லுளிமங்கரே?" என்று சிரிப்பாள். அவர் பதில் சொல்லாமல் சாப்பிடுவார். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான், பேச்சு முழுக்க அவளுடையது, கேட்பது முழுக்க இவருடையது. இதில் எந்தப் பாவத்தைப் பொறுக்குவது?

"ஒண்ணுமில்லைங்கய்யா," என்றார் அந்த வாரமும்.

"ஒண்ணுமில்லைன்னு சொல்றதே பெருமைதான் தம்பி," என்றார் மேனேஜர் ஐயா. "நாங்கெல்லாம் திறந்து கொட்டுறோம். நீங்க மட்டும் வேடிக்கை பாக்க வர்றீங்களா?"

சுருக்கென்றது. பி.டி. மாஸ்டர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். மெக்கானிக்கின் வாய் தானாகத் திறந்தது. "நான் பாக்குற ஒரு பில்டிங்ல, நாலாவது மாடியில ஒரு பொண்ணு இருக்குங்கய்யா. அந்த நெனப்பாவே இருக்கேன்."

நாலாவது மாடி என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவர் அந்தக் கட்டடத்துக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்தே அந்த மாடியின் ஒரே வீடு பூட்டிக்கிடந்தது. ஆளில்லாத மாடியென்றால் எந்தப் பெண்ணின் பேரும் கெடாது என்று யோசித்துத்தான் சொன்னார். தன் வீட்டில் ஒருத்தி இருப்பதை மட்டும் மறந்துவிட்டார்.

மூன்று பேரும் எழுந்து வந்தார்கள். ஏஜெண்டின் கை கழுத்திலும் மாஸ்டரின் கை முதுகிலும் விழுந்தன. மேனேஜர் ஐயா அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். யாரும் அவரை அப்படிப் பிடித்ததில்லை. எங்கிருந்தோ அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தேம்பித் தேம்பி அழுதார். இனிமேல் நானும் இவர்களில் ஒருவன் என்று நினைத்துக்கொண்டே அழுதார்.

"இப்ப சொன்னதுல ஏதாவது பொய் இருக்கா தம்பி?"

"இல்லைங்கய்யா." அந்த வாரம் அவர் செய்த பாவம் அது ஒன்றுதான்.

அறையில் பேசியது அறையைத் தாண்டக் கூடாது என்று விதி உண்டு. வெளியே சொல்லத்தான் கூடாது. ஜெபிக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. மேனேஜர் ஐயா பாரம் தாங்காமல் தன் மனைவியிடம் சொல்லி ஜெபிக்கச் சொன்னார். அந்த அம்மாள்தான் பெண்கள் குழுவுக்குத் தலைவி. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்தது. அடுத்த கூட்டத்தில் கண்ணை மூடி, பேர் சொல்லாமல், "லிஃப்ட் வேலை பாக்குற ஒரு சகோதரனை, நாலாவது மாடியில விரிச்சிருக்கிற வலைக்குத் தப்புவியும் ஆண்டவரே," என்று உருகினார். சபையில் லிஃப்ட் வேலை பார்ப்பவர் ஒரே ஒருவர்தான். மெக்கானிக்கின் மனைவி அந்த வட்டத்தில் தலைகுனிந்து, மற்றவர்களோடு சேர்ந்து ஆமென் சொன்னாள்.

அன்று மதியம் சோறு போட்டுவிட்டுச் சொன்னாள். "நான் உங்கள மன்னிச்சிட்டேன்."

"எதுக்கு?"

"அதையும் என் வாயாலதான் சொல்லணுமா?"

அவர் பதறிப்போய் எல்லாவற்றையும் சொன்னார். ஆளில்லாத வீட்டை, மேனேஜர் ஐயா கேட்டதை, வாய் தானாகத் திறந்ததை. வாழ்நாளில் அவ்வளவு நீளமாக அவளிடம் பேசியதில்லை. அதுவே வினையாகப் போயிற்று. இத்தனை பேசத் தெரிந்த மனிதன் இத்தனை நாள் எதை மறைத்தான் என்பதுபோல் அவள் பார்த்தாள்.

"அழுதீங்களாமே," என்றாள். "அந்தம்மா சொன்னாங்க. எங்கிட்ட ஒரு நாளாவது அழுதிருக்கீங்களா? இல்லாத பொம்பளைக்கா அப்படி அழுதீங்க?"

மூன்று ஆண்கள் கட்டிப்பிடித்தார்கள், அதற்காக அழுதேன் என்று எந்த மனைவியிடம் சொல்வது?

அடுத்த சனிக்கிழமை சிறு நாற்காலியில் உட்கார்ந்ததுமே கேள்விக்குக் காத்திராமல் சொல்லிவிட்டார். "நான் சொன்னது பொய்ங்கய்யா. அப்படி ஒரு பொண்ணே கிடையாது."

மேனேஜர் ஐயா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "தெரியும் தம்பி. வெளிச்சத்துக்கு வந்தவனை சாத்தான் இப்படித்தான் திரும்ப இழுப்பான். விடாதீங்க." மறுபடியும் மூன்று பேரும் எழுந்து வந்து கட்டிக்கொண்டார்கள். மெக்கானிக் நடுவில் மரக்கட்டையாக நின்றார். ஏஜெண்டின் சட்டையில் வியர்வை நாற்றம் அடித்தது.

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. அதை எங்கே திருப்பிக் கொடுப்பதென்றுதான் தெரியவில்லை. வேலியில் போன ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொண்டவன் வேறு யாரைக் குற்றம் சொல்ல முடியும்? சபையில் மனைவிக்கு மரியாதை கூடியிருந்தது. மன்னிக்கத் தெரிந்த சகோதரி என்று மேனேஜர் அம்மாள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். வீட்டில் அவள் சண்டை போடவில்லை, வேளாவேளைக்குச் சோறு வந்தது. கல்லுளிமங்கரே என்பது மட்டும் நின்றுபோயிற்று. துணி துவைக்குமுன் அவர் சட்டையை இன்னமும் மோந்து பார்த்தாள், ஆனால் சிரிக்கவில்லை. கழுத்துப் பட்டையைத் தனியாக மோந்தாள்.

தாங்கமுடியாமல் ஒரு நாள் அவளைக் கையோடு கூட்டிப்போனார். தான் பராமரிக்கும் லிஃப்ட்டில், தன் பேர் எழுதிய சர்வீஸ் அட்டைக்குக் கீழே, அவளும் தானுமாக ஏறி நின்றார். அவர் வேலை செய்யும் இடத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் எத்தனை கேலி செய்திருப்பாள்! சத்தமே இல்லாமல், குலுங்காமல் லிஃப்ட் ஏறியது. அவ்வளவு சுத்தமாக வேலை செய்து வைத்திருந்தார்.

நாலாவது மாடியில் கதவு திறந்தது. எதிரே பூட்டிய வீடு. பூட்டில் துரு. வாசலில் விளம்பரத் தாள்கள் மக்கிக் கிடந்தன.

"பாத்துக்க," என்றார். "நீயே பாத்துக்கம்மா. யாராவது இருக்காங்களா?"

அவள் வெளியே இறங்கி, பூட்டைத் தொட்டு, விரலில் ஒட்டிய துருவைப் பார்த்தாள். கதவில் காதை வைத்துக்கூடக் கேட்டாள். திரும்பியபோது அவள் முகத்தில் பல நாளாக இல்லாத ஒரு கனிவு இருந்தது. அவருக்கு உயிர் வந்தது.

"பாவம்," என்றாள். "எப்ப காலி பண்ணிட்டுப் போனா?"

அவர் வாய் திறக்குமுன் அவள் மாடிப்படிப் பக்கம் நடந்துவிட்டாள். செருப்புச் சத்தம் மூன்றாவது மாடிக்கு, இரண்டாவதுக்கு என்று இறங்கிக்கொண்டே போயிற்று. மெக்கானிக் லிஃப்ட்டுக்குள்ளேயே நின்றார். அவர் சரிசெய்து வைத்திருந்தபடி, சரியான நேரத்தில், கதவுகள் இரண்டு பக்கமிருந்தும் மெல்ல வந்து மூடிக்கொண்டன.