வலது கன்னத்துச் சோதனை

1

வாசகரே, இந்தக் கதை என் வலது கன்னத்தில் தொடங்கியது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் முகத்தில் அவ்வளவு எண்ணெய் வழியும். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பான் மைத்துனன். என் மனைவி அழகுசாதன ஆய்வுக்கூடத்தில் கிரீம் தயாரிப்பவள். என்னைக் கட்டிக்கொண்டதில் அவளுக்கு உருப்படியாகப் பயன்படுவது இந்த முகம்தான்.

2

(எழுதி அடித்த தொடக்கம்: கயோலின் என்பது பூமியின் மடியில் பிறந்த வெண்மையான—)

வேண்டாம், விளம்பர நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. கயோலின் ஒரு வெள்ளைக் களிமண். மாவு போல இருக்கும், எண்ணெயைக் குடிக்கும்.*

* ஒரு கிராம் பொடியைக் கண்ணாடித் தட்டில் வைத்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுக் குழைப்பாள். உதிராமல் பசையாகச் சேர்ந்ததும் நிறுத்துவாள். அதுவரை நான் கூப்பிட்டால் அவள் காதில் விழாது.

3

இன்று விடுமுறை. காலை எட்டு மணிக்கு என் இடது கன்னத்தில் கயோலின் இல்லாத கிரீமையும் வலதில் கயோலின் சேர்த்ததையும் பூசினாள்.

“நாலு மணி நேரம் முகத்துல கை வைக்காதீங்க. மேனேஜர் ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாரு. இதுவும் சரியா வரலைன்னா வேற ஆள்கிட்ட குடுத்துடுவாரு.”

“நான் என்ன சின்னப் பிள்ளையா?”

பன்னிரண்டு மணிக்கு இரண்டு கன்னங்களிலும் தாளை ஒற்றி எடுத்தாள். இடது தாள் முழுக்க எண்ணெய்க் கறை. வலது தாளில் பேருக்குக்கூட ஒன்றுமில்லை.

“பாத்தீங்களா,” என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதமாயிற்று. எனக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்தது.

4

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் கதாநாயகன்மேல் எனக்குச் சந்தேகம். வாக்கியம் வராவிட்டால் அவன் சட்டைக் கையால் வலது கன்னத்தைத் தேய்ப்பான். இருபது வருடப் பழக்கம். காலையில் அந்தப் ‘பூமியின் மடி’யை ஐந்து முறை எழுதி ஐந்து முறை அடித்தேன். சட்டைக் கையை இப்போதுதான் பார்த்தேன். கிரீமும் எண்ணெயும் அங்கே இருக்கின்றன.

5

முடிவு ஒன்று: வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறேன். மேனேஜர் பாராட்டுகிறார். பிறகு வேறு யாருடைய கன்னத்திலோ குட்டு உடைகிறது, பழி அவள் தலையில் விழுகிறது.

முடிவு இரண்டு: கிரீம் உண்மையிலேயே நல்லதுதான். ஆனால் அது தெரியாமலே நாங்கள்—

வரவில்லை. கன்னத்துக்குப் போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டேன்.

வாசகரே, மன்னிக்கவும், நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். நான் எழுதும் எதையும் முதலில் பென்சிலோடு படிப்பவள் அவள்தான்.

அடுத்த அறையில் மாதிரிப் புட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறாய். நாளைக் காலை பத்து மணிக்குத்தான் அது மேனேஜரிடம் போக வேண்டும். இப்போது மணி மூன்று. முகத்தைக் கழுவிவிட்டேன். நான்கு மணி நேரம் ஒரு வரிகூட எழுதமாட்டேன், சத்தியம். திட்டுவதைத் திட்டிவிட்டு, கிரீமை எடுத்துக்கொண்டு வா. முடிவை நீயே ஒற்றி எடு.