அடிமட்டத்தால் கீறிய கோடு

...நாலு நிமிடம், முழுசாக நாலுகூட இல்லை, மூன்று நிமிடம் ஐம்பது விநாடி என்று நத்தலி கொப்பியில் எழுதிவிட்டு எனக்குக் காட்டுகிறாள், கழுத்தில் தொங்குகிற ஸ்டொப்வோச்சை விரலால் தட்டுகிறாள், பார் கிறேஸ், உன் மகளுக்குக் களத்தில் இவ்வளவுதான், என் மகனுக்கு ஆறு, கோச்சின் மகனுக்குப் பதினெட்டு... நான் தலையை ஆட்டுகிறேன், எனக்குக் கொப்பி தேவையில்லை, கண் இருக்கிறது, மாற்று ஆட்டக்காரர் இருக்கிற வாங்கின் கடைசியில் குந்தியிருக்கிற பதினொன்றாம் இலக்கச் சட்டை என் அஞ்சலீனாதான், எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்று தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், தடியை நிமிர்த்திப் பிடித்தபடி, ஆனால் ஒருவரும் கூப்பிடுகிறபாடாக இல்லை, அந்தக் கோச் வாயில் சூயிங்கத்தை மென்றுகொண்டு அவளைத் தாண்டித் தாண்டி மற்றப் பிள்ளைகளின் தோளைத் தட்டுகிறான், இவள் என்ன வாங்கின் காலா? இன்றைக்குத்தான் கடைசி ஆட்டம், இது முடிந்ததும் உடை மாற்றும் அறைக் கதவில் பதினைந்து பெயர் ஒட்டுவார்கள், அந்தப் பதினைந்து பேர்தான் அடுத்த மாதம் ஒன்ராறியோப் போட்டிக்குப் போகிற அணி, பதினெட்டுப் பேரில் மூன்று பேர் வீட்டில் நிற்கவேண்டியதுதான், வாங்கில் இருந்து தேய்கிறவளின் பெயரை யார் எழுதப்போகிறான்.

லக்ரோஸ் என்று ஒரு விளையாட்டு, பையன்களும் பெண்பிள்ளைகளும் ஒரே அணியில், தடியின் நுனியில் வலை கட்டி அதில் பந்தை ஏந்தி ஓடி எறிவது, போன வருசம் இவளுடைய பள்ளிக்கூடத்தில் யாரோ கொண்டுவந்து காட்டினார்கள், அதற்கு முதல் எங்கள் பரம்பரையிலேயே ஒருவரும் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை, கிரிக்கெட் என்றால் அவளுடைய அப்பா றெனோல்டாவது வந்து நின்று நாலு கதை சொல்லியிருப்பார், இதற்கு அவரும் இல்லை, சனிக்கிழமையும் வேலை, ஆகவே நான்தான், சந்தையில் தக்காளி விற்கிறவள், சனிக்கிழமைதான் ஜான்-டலோன் சந்தையில் சனம் நெரிபடுகிற நாள், அதை விட்டுவிட்டு ஆற்றுக்கு அங்கால் லொங்குய்யில் இந்த அரங்கத்துக்குள், குளிர்காலத்தில் பனிக்கட்டி, கோடையில் வெறும் சீமெந்து, ஆனால் குளிர் மட்டும் எங்கேயும் போகவில்லை, ஆடி மாதத்தில் சுவெற்றர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கழகத்துக்கென்று ஒரு சட்டப் புத்தகம், பெற்றோர் களத்தை நோக்கிக் கத்தக்கூடாது, பிள்ளைக்குச் சைகை காட்டக்கூடாது, ஆட்டம் முடிந்து இருபத்துநாலு மணித்தியாலம் கோச்சோடு வாய் திறக்கக்கூடாது, கோபம் ஆறட்டுமாம், என் கோபம் சித்திரையில் தொடங்கியது, ஆடியாகியும் ஆறவில்லை. இவள் ஒரு முறைப்பாடும் சொல்லமாட்டாள், எப்படி விளையாட்டு என்றால் பரவாயில்லை, கோச் என்ன சொன்னவர் என்றால் ஒன்றுமில்லை, பிறகு நாங்கள் இருக்கிற கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கிப்போய் உடுப்புத் தோய்க்கிற அறைச் சுவரில் டொக் டொக்கென்று பந்தை எறிந்துகொண்டிருப்பாள், மேல்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டும்வரைக்கும், நான் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன், படிக்கிற பிள்ளைக்கு என்ன சுவரோடு சண்டை என்று.

மணி அடிக்கிறது, இரண்டாம் பாகம் முடிந்தது, நத்தலி என் முழங்கையைப் பிடிக்கிறாள், வா, இப்போது போவோம், எனக்குச் சட்டப் புத்தகம் ஞாபகம் வருகிறது, அவள் கண்ணைச் சிமிட்டுகிறாள், ஆட்டம் முடிந்த பிறகுதானே கதைக்கக்கூடாது, இது இடைவேளை... எனக்குச் சிரிப்பு வருகிறது, சட்டத்தில் ஓட்டை கண்டுபிடிக்கிறதில் எங்கட ஆக்களுக்கு ஒன்றும் குறைந்தவள் இல்லை இவள். கோச்சின் பெயர் ஸ்தெபான், கிட்டப் பார்க்க அவ்வளவு பெரிய உருவம் இல்லை, மூக்குக்கண்ணாடிக் காலில் ஒட்டுப் போட்டிருக்கிறான், நத்தலி கொப்பியைத் திறந்து ஆறு, நாலு, பதினெட்டு என்று வாசிக்க வாசிக்க அவன் காது சிவக்கிறது, என் பக்கம் திரும்புகிறான், மடாம், உங்களுக்குமா கோபம், நீங்கள் கேட்டபடிதானே செய்தேன். நான் கேட்டேனா? எதைக் கேட்டேன்? பைக்குள்ளிருந்து ஒரு நீலக் கோப்பை எடுத்து, எச்சில் தொட்டுத் தாள்களைப் புரட்டி, ஒன்றை உருவி என் கையில் தருகிறான், பருவத் தொடக்கத்தில் எல்லாப் பெற்றோரும் நிரப்பிக் கொடுத்த படிவம், பிள்ளையின் பெயர் அஞ்சலீனா, அடியில் என் கையெழுத்து, நடுவில் உருண்டை உருண்டையாகப் பிரெஞ்சு, அதை எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவே முக்கால்மணி வேண்டும், அவன் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுகிறான், சோம்பேறி. சொன்னால் கேட்கமாட்டாள், கண்டிப்பாக இருங்கள். விளையாட்டில் பெரிய விருப்பம் இல்லை, சிநேகிதிகள் போவதால் போகிறாள். விருப்பமில்லாத பிள்ளையைப் பிடித்துத் தள்ளுவது என் வழக்கமில்லை மடாம், விளையாட ஆசையோடு வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள், தாயைவிடப் பிள்ளையை யாருக்குத் தெரியும்?

நத்தலி என்னைப் பார்க்கிற பார்வை... இவளா இதை எழுதினாள் என்று. தன் மகனுக்கு அவள் படிவம் போதாமல் இன்னொரு தாளும் ஒட்டினாளாம், வேகம், துணிவு, தலைமைத்துவம், அவளே அன்று சொன்னாள், எனக்குத்தான் அதைக் கேட்க வெட்கமாக இருந்தது, தன் பிள்ளையைத் தானே இப்படிப் புழுகுவதா, மானம் இல்லையா, நாவூறு பட்டுவிடாதா, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசை காண்கிற எங்களுக்கும் அந்தப் பயம் போகாது. நான் எழுதியது பழி சொல்ல இல்லை, இதை இந்த மனுசருக்கு எப்படி விளங்கப்படுத்துவது, மன்னாரில் அப்பா என்னைக் கணக்கு மாஸ்டரிடம் கொண்டுபோய் விட்ட அன்று வாசலில் நின்றே சொன்னார், “இது சரியான மரமண்டை மாஸ்டர், கண்ண ரெண்டையும் விட்டுப்போட்டு மிச்சத்த என்னவும் செய்யுங்கோ.” மாஸ்டர் சிரித்தார், பத்திநாதர் மாஸ்டர், ஒரு நாளும் கை நீட்டவில்லை, அந்தப் பேச்சுக்கு அர்த்தம் என் பிள்ளையை உங்களை நம்பி விடுகிறேன் என்பது, அது அவருக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், எனக்கும்... எனக்குத் தெரியுமா? அன்றைக்குத் தெரியுமா? எட்டு வயதில் அப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நான் என்ன நினைத்தேன்? ஒன்றும் ஞாபகமில்லை, மரமண்டை என்ற சொல் மட்டும் ஞாபகமிருக்கிறது, பிறகு கணக்கில் எழுபதுக்கு மேல் வாங்கினாலும் யாருடையதோ விடைத்தாள் மாறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைப்பேன்.

அந்த உருண்டை எழுத்து யாருடையது என்று பார்த்தவுடனேயே தெரியும், புள்ளிக்குப் பதில் சின்ன வட்டம் போடுகிறவள் வீட்டில் ஒருத்திதான். சித்திரை மாதம், குசினியில் நான் மீன் பொரித்துக்கொண்டு நின்றேன், அவள் மேசையில் இந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டு, எனக்குப் பிரெஞ்சு கதைக்க மட்டும்தான் வரும், எழுத அவள்தான், வங்கிக்கென்றாலும் பள்ளிக்கூடத்துக்கென்றாலும் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள், அப்படியே இதையும் சொன்னேன், சோம்பேறி எண்டு எழுது, சொல்வழி கேளாள் எண்டு எழுது, கண்டிப்பா இருக்கச் சொல்லு, விளையாட்டில பெரிய விருப்பமில்லை, சிநேகிதியள் போறபடியால் போறாள் எண்டும் போடு, எண்ணெய் வெடித்துக் கையில் பட்டது, அவள் ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை, ஒரு சொல் மாற்றவும் இல்லை, மாற்றியிருந்தால் எனக்குத் தெரியவா போகிறது? “அம்மா, நல்லது எண்டும் ஒரு பெட்டி இருக்கு, அதுக்குள்ள என்ன எழுத?” என்று கேட்டாள். “அது ஒண்டும் வேண்டாம், கோடு போட்டு விடு.” போட்டிருக்கிறாள். இதோ பெட்டி, இதோ கோடு, மூலையிலிருந்து மூலைக்கு, கொஞ்சமும் நடுங்காமல், அடிமட்டம் வைத்துக் கீறியிருக்கிறாள்... அடிமட்டம் அவளுடைய பள்ளிக்கூடப் பையில் இருக்கும், பை அறைக்குள் இருக்கும், அப்படியென்றால் எழும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்து கீறியிருக்கிறாள். பதின்மூன்று வயது.

நான் சும்மா சொன்னது, உண்மையில்லை என்று என் சந்தைப் பிரெஞ்சில் சொல்கிறேன், அவர் கண்ணாடியை நிமிர்த்திவிட்டுப் பொறுமையாகக் கேட்கிறார், அப்படியானால் உண்மை எது? மணி அடிக்கிறது, அவர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்துத் தருகிறார், அந்தப் பெட்டியை நிரப்பித் தாருங்கள், பெயர்களை ஆட்டம் முடிந்துதான் எழுதுவேன், மெர்சி மடாம் என்று நன்றியும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரும்பவும் மேலே ஏறி அதே குளிர் ஆசனம், மடியில் தாள், நத்தலி கையை நீட்டுகிறாள், சொல்லு, நான் எழுதுகிறேன், அவள் எதில் கெட்டிக்காரி? வேகமா? எறிவது பலமா? எந்தக் கைக்காரி அவள், வலதா இடதா?

எந்தக் கை? சாப்பிடுவது வலது கை, அது தெரியும், தடியை எந்தக் கை மேலே வைத்துப் பிடிப்பாள்? சித்திரையிலிருந்து ஒரு ஆட்டம் விடாமல் வந்திருக்கிறேன், கோச்சின் சூயிங்கம் எந்தக் கன்னத்தில் என்பது தெரியும், அவன் மகன் எத்தனை தரம் பந்தைத் தவறவிட்டான் என்பது தெரியும், வாங்கிலிருந்து யார் எழும்புகிறார்கள், யார் இருக்கிறார்கள் எல்லாம் தெரியும், அவள் களத்தில் இறங்கிய நேரங்களில் நான் எதைப் பார்த்தேன், மணிக்கூட்டைத்தானே பார்த்தேன். நத்தலி பேனையோடு காத்திருக்கிறாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நல்ல சொற்கள் இல்லாமலில்லை, நாள் முழுக்கக் கத்துகிற சொற்கள், இனிப்பு, புதுசு, இன்றைக்குக் காலமை வந்தது, தொட்டுப் பாருங்கள் மடாம், இப்படி ஒன்று வேறெங்கும் கிடைக்காது... தக்காளிக்குச் சொல்ல ஒரு நாளும் வாய் கூசியதில்லை.

மூன்றாம் பாகம் தொடங்கிவிட்டது, நத்தலி பேனையை என் மடியில் வைத்துவிட்டுத் தன் மகனைப் பார்க்கத் திரும்புகிறாள், நான் வாங்கைப் பார்க்கிறேன், முதல் தடவையாகக் கோச்சை இல்லை, அவளை. ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வருகிறான், அவள் எழும்பிக் கதவைத் திறக்கிறாள், தண்ணீர்ப் போத்தலை நீட்டுகிறாள், பிறகு கண் பந்துக்குப் போகிறது, பந்து போகிற பக்கமெல்லாம் தலைக்கவசமும் போகிறது. கடைசி ஐந்து நிமிடத்தில் ஸ்தெபான் அவளுடைய தோளைத் தட்டுகிறார், நான் சொன்னதற்காகவா, கொப்பிக்காகவா, தெரியாது, அவள் களத்தில் குதிக்கிறாள், இடது, இடது கைதான் மேலே, கரையோரம் மூன்று பையன்கள் முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் குனிந்து பந்தை அள்ளிக்கொண்டு வெளியே வருகிறாள், பலகையில் மோதித் திரும்பி வருகிற பந்தை நின்ற நிலையில் வலையில் வாங்குகிறாள், அதைப் பார்க்க எனக்குச் சட்டென்று கீழ்த்தள அறையின் டொக் டொக் கேட்கிறது... கோல் ஒன்றும் போடவில்லை. ஆட்டத்தில் தோற்றும் போனார்கள்.

ஒடுங்கின நடைபாதைக்குள் வியர்வை மணம், பைகள், பிள்ளைகள், ஸ்தெபான் அறைக் கதவடியில் நின்று என்னைப் பார்க்கிறார், கையில் நீலக் கோப்பு, ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டுகிறேன், அஞ்சலீனா தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறாள், முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருக்கிறது, நான் சொல்ல நினைத்தது வேறு, வாயில் வந்தது தண்ணிப் போத்தல் எடுத்தனியோ என்பது, “ஓம்” என்கிறாள், பிறகு என் கையைப் பார்க்கிறாள். “அது நான் எழுதினதெல்லே? பிழையா எழுதிப்போட்டனே அம்மா?”

“இல்லை. சரியாத்தான் எழுதியிருக்கிறாய்.”

வேறென்ன சொல்வது, சரியாகத்தான் எழுதியிருக்கிறாள், நல்லது என்ற பெட்டியை நிரப்பித் தரச் சொல்லிக் கேட்கிறார் என்கிறேன், அவள் பேனையை வாங்கித் தாளைச் சுவரோடு வைத்து அழுத்திக்கொண்டு, வங்கிப் படிவத்துக்கு நிற்கிறமாதிரி நிற்கிறாள், “சொல்லுங்கோ, கோட்டுக்கு மேலயோ கீழயோ?”

“சோம்பேறி இல்லை எண்டு எழுது.”

பேனை அசையவில்லை. “அது நல்லதுக்குள்ள வராதம்மா” என்கிறாள், கோபமில்லாமல், கணக்குச் சொல்லிக் கொடுக்கிறமாதிரி. உண்மைதான், வராது. கதவடியில் ஸ்தெபான் மணிக்கூட்டைப் பார்க்கிறார், இன்னும் பெயர்கள் ஒட்டவில்லை, எனக்கு இப்போது எவ்வளவோ தெரியும், இடது கை, மூன்று பேருக்குள் குனிந்தது, கீழ்த்தளத்துச் சுவர், ஒன்றைத் தொடங்கினால் போதும், மிச்சம் தானாக வரும், ஆனால் நத்தலிக்கோ கோச்சுக்கோ என்றால் எப்படியும் சொல்லியிருப்பேன் போல, இவளைப் பார்த்துக்கொண்டு இவளுக்கே எப்படி... அவள் தாளைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அன்றைக்குக் குசினியிலும் இப்படித்தான் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள், நான்தான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.