எண்ணாமல் போன அந்துப்பூச்சிகள்

கட்டின புருஷனிடம் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமே கிடையாது. ஆனால் தொடங்கிய பிறகு, சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வந்தது.

விடியும் முன் டீ வடிகட்டியோடு உருளைக்கிழங்கு வயலுக்குப் போவாள். அங்கே ஆறு இடத்தில் பேசின் வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, மேலே கம்பியில் சின்ன ரப்பர் குப்பி தொங்கவிட்டிருந்தார்கள். குப்பியில் பெண் அந்துப்பூச்சியின் வாசனை. பெண்டாட்டி கூப்பிடுகிறாள் என்று நம்பி ஆண் பூச்சிகள் ஓடிவந்து தண்ணீரில் விழும். ஆம்பிளை புத்தி எந்த உயிரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. விழுந்ததில் முக்கால்வாசியை அள்ளி அவள் வரப்பில் புதைத்துவிடுவாள்.

வெளிச்சம் வந்ததும் அவர் வருவார். ஊரில் அவருக்கு ‘மீட்டர்’ என்று பெயர். படிக்கட்டைக்கூட எண்ணாமல் ஏறமாட்டார். பேசினுக்குப் பேசின் குனிந்து, குச்சியால் விலக்கி விலக்கி எண்ணுவார்.

“நாலு. பரவால்ல, கட்டுக்குள்ள இருக்கு.”

பத்தைத் தாண்டினால் மருந்து அடிக்கக் கிளம்பிவிடுவார். முகத்தில் துணிகூடக் கட்டமாட்டார். போன பருவத்தில் அப்படி அடித்துத்தான் வரப்பிலேயே சுருண்டு விழுந்தார். இன்னொரு முறை அந்த மருந்து நெஞ்சுக்குள் போனால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஆள் வைத்து அடிக்கலாம் என்றால், “அவன் அரைகுறையா அடிச்சிட்டுப் போவான்” என்பார்.

பயிர் எக்கேடு கெட்டால் என்ன, மனுஷன் இருந்தால் போதும் என்றிருந்தாள் அவள். பதினோராம் நாள் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். மண் வெடிப்பில் தலைகாட்டிய கிழங்கில், முளைக்கண்ணோரம் கறுப்பாகப் புழுவின் எச்சம். பக்கத்துச் செடியிலும் அதே. பூச்சி பெருகுகிறது என்று தெரிந்த அன்றைக்கே மண் அணைத்து, அது முட்டையிட நுழையும் வெடிப்பை மூடியிருக்கலாம். மருந்துக்குப் பயந்து மண்வெட்டியையும் அல்லவா மறந்துவிட்டாள்.

மறுநாள் வடிகட்டியை எடுக்கவில்லை. முதல் பேசினில் எண்ணத் தொடங்கியவர் இருபத்து மூன்றில் நிறுத்தினார்.

“தினமும் இவ்ளோதாங்க. நான்தான் அள்ளிப் போட்டுட்டேன்.”

அவர் நிமிரவில்லை. “எத்தனை நாளா?”

“பதினொரு நாளா. கிழங்குல புழு வச்சிருச்சு.”

“நான் மருந்தடிச்சிருவேன்னு பயந்தியா?”

“அடிச்சிருக்க மாட்டீங்களா?”

கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவர் மூச்சு வாங்க வரப்பில் உட்கார்ந்தார்.

“அடிச்சிருப்பேன்,” என்றார். “இப்பவும் கை பரபரன்னுதான் இருக்கு.”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் தோன்றவில்லை.

அவர் குச்சியை அவளிடம் நீட்டினார். “இனிமே நீயே எண்ணு. எத்தனைன்னு எங்கிட்ட சொல்லாத. என்ன செய்யணும்னு மட்டும் சொல்லு, செய்றேன்.”

அவள் மூக்கைச் சிந்தினாள். “மண் அணைக்கணும். ஒரு வெடிப்பு விடாம மூடணும். ரெண்டு வரிசைக்கு ஒருதரம் நீங்க உட்காரணும்.”

“சரி,” என்றார் மீட்டர். மீதி ஐந்து பேசினையும் எட்டிப் பார்க்காமல் மண்வெட்டி எடுக்கப் போனார்.